மழையைக் கையால் பெய்வித்தவர்கள்



சென்ற வாரம் ஏரி தூர் வாருவது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். இப்போது தென்னந்தோப்பும் கொஞ்சம் மானாவாரி நிலமும் வைத்திருக்கிறார். "சார், ஏரிக்குள்ள சேர்ற வண்டல் எங்க காட்டு மண்தானே? வரப்பெல்லாம் உயர்த்திக் கட்டியாச்சு. அப்புறமும் மண் எப்படி சார் போகுது?"

நல்ல கேள்வி. பதிலை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க மனிதர்களுக்கு ஏறக்குறைய எழுபது வருடம் ஆயிற்று. அதற்காக மழையையே தங்கள் கையால் பெய்வித்துப் பார்த்தார்கள். பாடப்புத்தகத்தில் இந்தக் கதை வராது. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். சாப்பிட்டுவிட்டு சாவகாசமாகப் படியுங்கள்.

முதலில் ஒரு விளக்கம். செயற்கை மழை என்றதும் விமானத்தில் போய் மேகத்தில் ரசாயனம் தூவுவதை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது வேறு. இது ஒரு பாத்தி அளவு நிலத்தின் மேல் குழாயும் தெளிப்பு முனைகளும் வைத்து, நிஜ மழை எந்தக் கனத்தில், எந்த வேகத்தில் விழுமோ அப்படியே தண்ணீரை விழவைப்பது. மண் எவ்வளவு போகிறது, தண்ணீர் எவ்வளவு உள்ளே இறங்குகிறது, எவ்வளவு வழிந்து ஓடுகிறது என்று அளப்பதற்காகச் செய்வது. இதை நான் மழைக் கருவி என்றே எழுதுகிறேன்.

மண் அரிப்பு என்றால் நம் எல்லார் மனதிலும் வருவது ஓடுகிற தண்ணீர்தான். ஓடை கரையை அறுக்கிறது, வாய்க்கால் ஆழமாகிறது, சரிவில் பள்ளம் விழுகிறது. கண்ணுக்குத் தெரிவது அதுதான், குற்றவாளியும் அதுதான் என்று உலகம் முழுவதும் நம்பினார்கள். ஆகவே மருந்தும் ஓடும் தண்ணீரைத் தடுப்பதாகவே இருந்தது: வரப்பு, கரை, தடுப்பணை. அவை வேண்டாதவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவை வேலை செய்யத் தொடங்குவதற்கு முன்பே வேறொன்று நடந்து முடிந்துவிடுகிறது.

அதை முதலில் மோப்பம் பிடித்தவர் ஒரு ஜெர்மானியர். எவால்ட் வோல்னி என்று பெயர். முனிக் நகரில் 1870களிலிருந்து சின்னச் சின்னப் பாத்திகள் அமைத்து, செடி மூடிய மண்ணையும் வெறும் மண்ணையும் மழையில் விட்டு ஒப்பிட்டார். வெறும் மண்ணை மழை அடித்து அடித்துக் கெட்டியாக்குகிறது, செடி மூடியிருந்தால் அப்படி ஆவதில்லை என்று எழுதியும் வைத்தார். ஆனால் ஜெர்மன் மொழிப் பத்திரிகையில் வந்த அந்தக் கட்டுரைகளை அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் பல காலம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அறிவியலில் இது புதிதல்ல.

அந்தப் பக்கம், அமெரிக்காவில், நிலைமை வேடிக்கையானது. 1909இல் அந்நாட்டின் மண் துறை வெளியிட்ட ஓர் அறிக்கை, மண் என்பது அழிக்கவே முடியாத, தீர்ந்துபோகாத சொத்து என்று சொன்னது. அதே துறையில் வேலை பார்த்த ஹியூ ஹாமண்ட் பென்னட் என்ற இளைஞருக்கு மட்டும் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. காரணம், 1905இல் வர்ஜீனியா மாநிலத்தின் லூயிசா மாவட்டத்தில் அவர் பார்த்த காட்சி. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துண்டு நிலம். ஒரே சரிவு, ஒரே வகை மண். ஒன்று காடாகவே இருந்தது. அங்கே மண் பொலபொலவென்று, கையை விட்டால் உள்ளே போகிற மாதிரி இருந்தது. மற்றொன்று பல காலம் உழுத நிலம்; அது வெளுத்து, கெட்டியாகக் கிடந்தது. நடுவில் ஓடையும் இல்லை, பள்ளமும் இல்லை. மேல் மண் தாள் தாளாக, ஒருவர் கண்ணிலும் படாமல் போயிருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. 1928இல் மண் அரிப்பு நாட்டுக்கே ஆபத்து என்று ஒரு சிறு வெளியீடு எழுதினார். அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் 160,000 டாலர் ஒதுக்கி, பல மாநிலங்களில் ஆய்வு நிலையங்கள் அமைக்க வழி செய்தது. 1934 மே மாதம் நடுப் பகுதிச் சமவெளிகளின் மண் புழுதியாகக் கிளம்பி, ஆயிரக்கணக்கான மைல் தாண்டி, தலைநகர் வாஷிங்டன் வரை வானத்தை மூடியது. அது காற்றின் வேலை, மழையின் வேலை அல்ல. ஆனாலும் அதிகாரிகளின் கண்ணில் தூசி விழுந்ததால் காரியம் வேகமாக நடந்தது. 1935இல் மண் பாதுகாப்புக்கென்றே தனித் துறை வந்தது. பென்னட் அதன் தலைவர் ஆனார்.

இதற்கெல்லாம் முன்பே, 1917இல், மிசௌரி பல்கலைக்கழகத்தில் மில்லர், டியூலி என்ற இரண்டு பேர் ஒரு காரியம் செய்திருந்தார்கள். சரிவான நிலத்தில் நீளமான பாத்திகளை வரிசையாக வகுத்து, ஒவ்வொன்றையும் சுற்றித் தடுப்பு வைத்து, கீழ் முனையில் தொட்டி வைத்தார்கள். ஒரு பாத்தியில் புல், ஒன்றில் மக்காச்சோளம், ஒன்றில் பயிர்ச் சுழற்சி, ஒன்று வெறும் உழவு. மழை பெய்ததும் தொட்டியில் சேர்ந்த தண்ணீரையும் மண்ணையும் அளப்பது. முறை எளிது, நம்பகமானது. ஒரே குறை, மழை வர வேண்டும். வந்தாலும் ஒரு வருடம் தூறல், ஒரு வருடம் அடைமழை, இன்னொரு வருடம் ஒன்றுமே இல்லை. இரண்டு பாத்திகளுக்கு உள்ள வித்தியாசத்தைத் தீர்மானமாகச் சொல்லப் பத்து வருடமாவது காத்திருக்க வேண்டும். விவசாயி பத்து வருடம் காத்திருப்பாரா?

அதனால்தான் மழையை வரவழைக்க நினைத்தார்கள். 1930களில் நிலத்தின் மேல் தண்ணீரைத் தெளித்து, மண் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்க்கும் கருவிகள் பல வந்தன. அதில் என்னை மிகவும் கவர்ந்தவர், முன்னே சொன்ன அதே டியூலி. இப்போது அவர் நெப்ராஸ்காவில் இருக்கிறார். 1939இல் அவர் வெளியிட்ட சோதனையின் சாரம் இவ்வளவுதான்: மண்ணின் மேல் வைக்கோலோ கோணிச் சாக்கோ பரப்பிவிட்டுத் தண்ணீர் தெளித்தால், தண்ணீர் தொடர்ந்து உள்ளே இறங்குகிறது. அதை எடுத்துவிட்டுத் தெளித்தால், சற்று நேரத்திலேயே உறிஞ்சுவது குறைந்து தண்ணீர் வழியத் தொடங்குகிறது. மண் அதே மண். என்ன மாறியது என்று பார்த்தால், மேற்பரப்பில் மெல்லிய பொருக்கு ஒன்று கட்டியிருக்கிறது. அந்தப் பொருக்குதான் கதவைச் சாத்துகிறது.

எவ்வளவு மெல்லியது தெரியுமா? பின்னால் 1958இல் மெக்கின்டயர் என்ற ஆஸ்திரேலியர் அளந்து சொன்னார். மேலே உள்ள தோல் 0.1 மில்லிமீட்டர் கனம். அதன் வழியே தண்ணீர் இறங்கும் திறன், கீழே உள்ள மண்ணின் திறனில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. நம் செம்மண் காட்டில் மழை விட்ட மறுநாள் காலால் தட்டினால் ஓடு ஓடாகப் பெயர்கிறதே, அதுதான். விதை முளைக்க முடியாமல் முட்டிக்கொண்டு நிற்பதும் அதனால்தான்.

சரி, பொருக்கைக் கட்டுவது யார்? மழைத்துளி. அதைத் தனியாகப் பிடித்து அளந்த கதை இன்னும் சுவையானது.

வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற சிற்றூரில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி இருந்தார். பனித் துகள்களைப் படம் எடுத்ததற்காக உலகம் அவரை அறியும். மழைத்துளி எவ்வளவு பெரிது என்று அறியும் ஆசையும் அவருக்கு இருந்தது. ஒரு தட்டில் நல்ல மாவை ஓர் அங்குல கனத்துக்குப் பரப்பி, மழையில் சில விநாடிகள் மட்டும் காட்டி உள்ளே எடுத்துவிடுவார். ஒவ்வொரு துளியும் மாவில் ஓர் உருண்டையாகிவிடும். காய்ந்ததும் எடுத்து அளப்பார். தெரிந்த அளவுள்ள துளியை மாவில் விழவைத்து, உருண்டைக்கும் துளிக்கும் உள்ள கணக்கையும் சரிபார்த்தார். 1904இல் இதை வெளியிட்டார். விலை உயர்ந்த கருவி ஒன்றும் இல்லை, அடுப்படிச் சாமான்தான். இப்படி ஒரு சோதனையை நினைக்கும்போது எனக்கு இப்போதும் வகுப்புக்குள் போக வேண்டும் போல இருக்கும்.

நாற்பது வருடம் கழித்து, மண் பாதுகாப்புத் துறையில் லாஸ், பார்சன்ஸ் என்ற இருவர் அதே மாவுத் தட்டை எடுத்துக்கொண்டார்கள். லாஸ் 1941இல் துளிகள் விழும் வேகத்தை அளந்தார். இருவரும் சேர்ந்து 1943இல், மழை வலுக்க வலுக்கத் துளிகளும் பெரிதாகின்றன என்று எண்களோடு காட்டினார்கள். 1 மி.மீ. துளி விநாடிக்குச் சுமார் 4 மீட்டர் வேகத்தில் விழுகிறது. 5 மி.மீ. துளி ஏறக்குறைய 9 மீட்டர் வேகத்தில். அதாவது மணிக்கு 32 கிலோமீட்டர். அகலத்தில் ஐந்து மடங்கு என்றால் எடையில் 125 மடங்கு என்பது உங்களுக்கு நினைவிருக்கும் (கன அளவு பாடம், ஒன்பதாம் வகுப்பு). ஆகவே கோடை மழையின் ஒரு பெரிய துளி மண்ணை அடிக்கும் அடி, தூறலின் அடியைவிட எத்தனையோ மடங்கு.

அதே காலத்தில் ஒஹையோ மாநிலத்தின் கொஷாக்டன் ஆய்வு நிலையத்தில் எல்லிசன் என்ற பொறியாளர், துளி விழுந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று குனிந்து பார்த்தார். 1944இல் அவர் வெளியிட்ட ஆய்வு, கேள்வியையே புரட்டிப் போட்டது. துளி விழுந்ததும் மண்ணில் சின்ன வெடிப்பு மாதிரி நடக்கிறது. மண் கட்டி உடைகிறது, தூள்கள் தெறிக்கின்றன. இரண்டடி உயரம் வரைக்கும், பக்கவாட்டில் ஐந்தடி வரைக்கும்கூட. சமதளத்தில் எல்லாப் பக்கமும் சமமாகத் தெறிப்பதால் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மண் நின்ற இடத்திலேயே நிற்கிறது. சரிவில் அப்படி அல்ல. 10 சதவீதச் சரிவில் தெறித்த மண்ணில் நான்கில் மூன்று பங்கு கீழ்ப் பக்கமும், ஒரு பங்கு மட்டும் மேல் பக்கமும் விழுகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஓடாமலேயே மண் இறங்கத் தொடங்கிவிட்டது! பிறகு ஓடும் தண்ணீர் வந்து, ஏற்கனவே பெயர்த்து வைத்த மண்ணைச் சுமந்துகொண்டு போகிறது. சுவரை இடிப்பவர் ஒருவர், கல்லைச் சுமப்பவர் வேறொருவர்.

நம் ஊர் வீட்டுச் சுவரின் அடியில் மழைக்குப் பின் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் புள்ளிகள் இருக்குமே, நாமும் வெள்ளை அடிக்கும்போது திட்டிக்கொண்டே துடைக்கிறோமே, அது எல்லிசன் அளந்த அதே தெறிப்புதான்.

இங்கே ஒரு கணக்குப் போடாமல் என்னால் நகர முடியாது. இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதி, பெருக்கல் வேகத்தின் வர்க்கம். மழையின் நிறை 1 என்று வையுங்கள். வேகம் விநாடிக்கு 8 மீட்டர். ஆற்றல் 32. அந்த மழையில் கால் பங்கு விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வழிந்து ஓடுகிறது என்று வையுங்கள். ஆற்றல் எட்டில் ஒன்று. 32ஐ எட்டில் ஒன்றால் வகுத்தால் 256. விழுகிற மழைக்கு, ஓடுகிற தண்ணீரைவிட 256 மடங்கு ஆற்றல். இந்தக் கணக்கை நார்மன் ஹட்சன் என்பவர் தன் பாடநூலில் போட்டுக் காட்டியிருக்கிறார்.

ஹட்சன் கணக்கோடு நிற்கவில்லை. 1950களில் தெற்கு ரோடீசியாவில், இன்றைய ஜிம்பாப்வேயில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெறும் பாத்திகளை வைத்தார். ஒன்றின் மேல் மட்டும் கொசுவலைக் கம்பியைக் கிடையாகக் கட்டினார். இரண்டுக்கும் ஒரே மழை, ஒரே அளவு தண்ணீர். வலையில் பட்ட துளி சிதறிச் சாரலாகி மெதுவாக இறங்குகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். வருடக்கணக்கில் அளந்து பார்த்ததில், வலை இல்லாத பாத்தியில் போன மண், வலை போட்ட பாத்தியைவிட நூறு மடங்குக்கும் மேல். சரிவும் மாறவில்லை, தண்ணீரின் அளவும் மாறவில்லை. அடி மட்டும்தான் மாறியது. எனக்குத் தெரிந்த சோதனைகளில் இவ்வளவு எளிமையாக ஒரு வழக்கைத் தீர்த்தது வேறு இல்லை.

அடிதான் முக்கியம் என்று தெரிந்த பிறகு, மழைக் கருவி செய்கிறவர்களுக்குத் தலைவலி ஆரம்பம். பூவாளியால் தண்ணீர் ஊற்றினால் அது மழை ஆகாது. பழைய கருவிகளில் ஒரு வகை தண்ணீரை மேல் நோக்கிப் பீய்ச்சி, ஆள் உயரத்திலிருந்து விழவைத்தது. அளவு சரி, அடி இல்லை. பெரிய துளி ஒன்று தன் முழு வேகத்தை எட்ட எட்டு ஒன்பது மீட்டராவது விழ வேண்டும், கிட்டத்தட்ட மூன்று மாடி உயரம். சில ஆய்வுக்கூடங்களில் அப்படியே கோபுரம் கட்டி, உச்சியில் துணியில் நூல் தொங்கவிட்டும் ஊசி முனைகள் வைத்தும் சொட்டுச் சொட்டாக விழவைத்தார்கள். கூடத்துக்குள் அது சரி. காட்டுக்கு எப்படித் தூக்கிப் போவது?

இந்தியானா மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகத்தில் மேயர், மெக்கூன் இருவரும் 1958இல் அதற்கு வழி கண்டார்கள். தட்டையான விசிறி போலப் பீய்ச்சும் தெளிப்பு முனையை எட்டடி உயரத்தில் தலைகீழாக, நிலத்தைப் பார்த்து வைத்தார்கள். குழாய் அழுத்தமே துளிக்குத் தொடக்க வேகத்தைக் கொடுத்துவிடும், உயரம் தேவையில்லை. ஆனால் அந்த முனை கொட்டுகிற தண்ணீர் ஊழிக்கால மழை அளவு. அதனால் முனைகளை முன்னும் பின்னும் நகரவிட்டு, ஓர் இடத்தில் விட்டு விட்டுத் தண்ணீர் விழும்படி செய்தார்கள். மணிக்கு இரண்டரை அங்குலம், ஐந்து அங்குலம் என்று வேண்டிய மழை கிடைத்தது. அதற்கு ரெயினுலேட்டர் என்று பெயர் வைத்தார்கள். 1967இல் இஸ்ரேலில் மோரின் குழுவினர், முனைக்குக் கீழே பிளவுள்ள வட்டத் தகடு ஒன்றைச் சுழலவிட்டு அதே வேலையைச் சின்னக் கருவியில் முடித்தார்கள்.

சோதனை நடத்தும் முறையும் வகுப்பட்டவணை மாதிரி ஒழுங்கானது. காய்ந்த மண்ணில் ஒரு மணி நேர மழை. மறுநாள் ஈர மண்ணில் அரை மணி நேரம். கால் மணி நேரம் விட்டு மறுபடி அரை மணி நேரம். கீழ் முனையில் வழியும் தண்ணீரைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை போத்தலில் பிடித்து, அடுப்பில் உலர்த்தி, மண்ணை எடை போடுவார்கள். பத்து வருடக் காத்திருப்பு இரண்டு நாள் வேலையாகிவிட்டது. இந்தச் சோதனைகளும், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாத்தி–ஆண்டு இயற்கை மழைக் கணக்குகளும் சேர்ந்துதான், மண் இழப்பை முன்கூட்டி மதிப்பிடும் சூத்திரமாக விஷ்மயர், ஸ்மித் பெயரில் 1965இல் வந்தது. வேளாண் கல்லூரியில் படித்த நம் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம், மற்றவர்களுக்கு இங்கே தேவையில்லை.

தேவையானது இதுதான். 1970இல் மேயரும் கூட்டாளிகளும் 15 சதவீதச் சரிவில் மழைக் கருவியை வைத்து, எவ்வளவு வைக்கோல் பரப்பினால் போதும் என்று பார்த்தார்கள். ஏக்கருக்குக் கால் டன் பரப்பியதிலேயே மண் இழப்பு, வெறும் மண்ணில் போனதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. கால் டன் என்பது ஏக்கர் முழுக்கப் பரப்பினால் மண் நிறைய இடத்தில் தெரியத்தான் செய்யும். அந்த அளவுக்கே அப்படி. நம் தோப்புகளில் மட்டையையும் சருகையும் கூட்டிப் பெருக்கிக் கொளுத்திவிட்டு, "பார்க்கச் சுத்தமா இருக்கு" என்கிறோம். இந்தச் சுத்தத்தில் எனக்கு உடன்பாடு இல்லை, உறவுக்காரர்கள் கோபித்தாலும் சரி.

மழைக் கருவிக்கும் வரம்பு உண்டு. பாத்தியில் கிடைத்த எண்ணை அப்படியே ஒரு மாவட்டத்தின் பரப்பால் பெருக்கக் கூடாது. மேட்டில் பெயர்ந்த மண் பாதி வழியில் பள்ளத்திலேயே தங்கிவிடலாம். காற்றோடு சாய்ந்து விழும் மழையை அது காட்டுவதில்லை. தண்ணீரின் குணமும் முக்கியம். மழை நீரில் உப்பு மிகக் குறைவு. உப்புள்ள நீரைத் தெளித்தால் களித் துகள்கள் அவ்வளவு எளிதில் கலைவதில்லை, பொருக்கு குறைவாகவே கட்டும் என்று 1980களின் தொடக்கத்தில் இஸ்ரேலியர்கள் காட்டினார்கள். போர் தண்ணீரை வைத்துச் சோதனை செய்து, மழையும் இப்படித்தான் என்று முடிவு கட்டினால் தவறாகிவிடும்.

நம் பக்கம் இந்த வேலை வராமல் இல்லை. 1954இல் உதகமண்டலத்தில் மத்திய அரசின் மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. நான் நீலகிரியில் ஆறு ஆண்டு வேலை பார்த்தவன். உருளைக்கிழங்குப் பாத்திகளைச் சரிவோடு சரிவாக மேலிருந்து கீழே போட்ட நிலங்களையும், படி படியாக வெட்டிய நிலங்களையும் ஒரே பஸ் ஜன்னலில் பார்க்கலாம். ஜூலை மாதத்தில் எந்த நிலத்திலிருந்து வரும் ஓடை என்று தண்ணீரின் நிறத்தை வைத்தே என் மாணவர்கள் சொல்லிவிடுவார்கள். குந்தா அணையில் வண்டல் சேர்வது இன்றும் செய்தித்தாளில் வருகிறது.

ஆக, கேள்வி கேட்ட தம்பிக்கு: உங்கள் வரப்பு சுமப்பவரைத்தான் நிறுத்துகிறது. இடிப்பவர் வரப்புக்கு உள்ளேயே, வெறும் மண் தெரிகிற ஒவ்வொரு சாண் இடத்திலும் இருக்கிறார். வரப்பு நிரம்பி உடையும்போது கலங்கல் தண்ணீரில் போவது அவர் பெயர்த்து வைத்ததுதான். வரப்பை வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே மூடாக்குப் போடுங்கள்.

நம்பிக்கை இல்லாவிட்டால் இந்த ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளோடு செய்து பாருங்கள். பெரிய தண்ணீர்ப் போத்தல் இரண்டைப் படுக்கைவாட்டில் வைத்து மேல் பக்கத்தை வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே மண்ணை வாய் மட்டம் வரை நிரப்பி, ஒன்றின் மேல் மட்டும் காய்ந்த சருகைப் பரப்புங்கள். வாய்ப் பக்கம் சற்றுத் தாழ்வாக இருக்கட்டும், கீழே கண்ணாடி டம்ளர் வையுங்கள். மூடியில் ஊசியால் துளை போட்ட இன்னொரு போத்தலில் தண்ணீர் நிரப்பி, ஸ்டூல் மேல் ஏறி நின்று இரண்டுக்கும் ஒரே அளவு ஊற்றுங்கள். பிள்ளைகளை ஸ்டூலில் ஏற்ற வேண்டாம், நீங்களே ஏறுங்கள். இரண்டு டம்ளரையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்த ஊர் மண் என்பதையும் எழுதுங்கள். கரிசல் மண் யாராவது செய்தால் எனக்கு முதலில் அனுப்ப வேண்டும்.